ஞாயிற்றுக்கிழமை ஓடிய வண்டி

லீமாவை ரோவர் ஓட்டத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவள் மெதுவாக ஓட்டினாள் என்பதுதான். கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அங்கங்கே போட்டிருந்தார்கள். ஓட்டுகிறவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மடிக்கணினித் திரையில் தெரிவதை மட்டும் வைத்து வண்டியைக் கடைசிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். பையன்கள் ஏழு பேர் ஓட்டினார்கள். ஏழு பேரும் நாற்காலியைத் தட்டினார்கள். லீமா ஓட்டி முடிப்பதற்குள் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அவள் ஒரு நாற்காலியையும் தொடவில்லை.

அவளுக்கு இருபது வயது. இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு. கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. அறுபது பேர் வகுப்பில் நான்கு பெண்கள். முதல் வருடமே அவள் ரோவர் குழுவில் சேர்ந்ததற்கும் பெரிய காரணம் இல்லை. வகுப்பு நாலு மணிக்கு முடியும். அவளுடைய ஊருக்குப் பஸ் ஆறு இருபதுக்கு. அதுவரை எங்காவது உட்கார வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் மின்விசிறி இருந்தது.

ஊர் குருசடித்துறை. குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில், ரோட்டிலிருந்து இறங்கினால் நேரே கடல். அப்பா கித்தேரியான் மீன்பிடிக்கும் ஒரு ஃபைபர் வள்ளத்தில் பாதிப் பங்குக்காரர். மறுபாதி ஜஸ்டஸுக்கு. அம்மா செலின் மீன் எடுத்துக் கருங்கல் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறாள். அண்ணன் ரிஜோ மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டில் யாரும் லீமா என்ன செய்கிறாள் என்று கேட்டதில்லை. ஒருமுறை செலின் மட்டும், “நக இடுக்குல என்னட்டி இவ்வளவு கரி?” என்று கேட்டாள்.

குழுவில் பதினாறு பேர். அவர்கள் செய்தது செவ்வாய்க் கிரகத்தில் ஓடுவதற்கான வண்டியின் மாதிரி. ஆறு சக்கரம், பொருளை எடுக்க ஒரு கை, கம்பத்தின் மேல் ஒரு கேமரா. எடை நாற்பத்தாறு கிலோ. அது செவ்வாய்க்குப் போகப் போவதில்லை. வெளிநாட்டில் ஒரு பாலைநிலத்தில் பல தேசத்து மாணவர்கள் இப்படி வண்டிகளைக் கொண்டுவந்து போட்டியிடுவார்கள். அதற்குப் போக வேண்டுமானால் முதலில் ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். வண்டி மணலில் ஓட வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், ஒரு பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். குறைந்தது இருபது நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல் ஒரே எடுப்பு. ஓட்டத்துக்கு நடுவே யாரும் வண்டியைத் தொடக் கூடாது. ஓடும் இடத்தில் ஆள் தென்பட்டாலே அந்த எடுப்பு செல்லாது.

சக்கரங்கள் லீமாவின் பொறுப்பு. ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும் ஒரு மோட்டார். மோட்டார் சூடாகக் கூடாது என்று ஒவ்வொரு மூடியிலும் எட்டு ஓட்டை போட்டாள். அது நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒர்க்‌ஷாப்பின் பின்னால் இரண்டு லோடு மணல் கொட்டி வைத்திருந்தார்கள். அதில்தான் வீடியோ எடுப்பதாக இருந்தது. கடைசித் தேதி திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது மணல் இல்லை. புது விடுதிக்குக் கான்கிரீட் போடுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அது தங்களுக்காகக் கொட்டிய மணல் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். குழுத்தலைவன் தேவகுமார், கருங்கல்காரன், கடைசி வருடம். அவன் அந்த இடத்தில் இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

“எங்க ஊருக்கு வாங்க. மணலுக்கு என்ன பஞ்சம்?” என்றாள் லீமா.

“எப்போ?”

“ஞாயித்துக்கிழமை. மத்த நாள்ல கரையில கால்வைக்க எடம் இருக்காது.”

அது உண்மை. வாரத்தில் ஆறு நாளும் கரை முழுக்க வலையும், காயப்போட்ட நெத்தோலியும், இழுத்துவைத்த வள்ளங்களும்தான். ஞாயிற்றுக்கிழமை குருசடித்துறையில் யாரும் கடலுக்கு இறங்குவதில்லை. பல கடற்கரை ஊர்களில் அது உண்டு. குருசடித்துறையில் கூடுதலாக ஒன்று. அன்று கரையில் எந்த வேலையும் நடக்கக் கூடாது. கிழிந்த வலையைப் பொத்தக் கூடாது, இன்ஜினைக் கழற்றக் கூடாது. மீறினால் ஊர்க் கமிட்டி நோட்டில் பெயர் ஏறும், அந்த வள்ளம் மூன்று நாள் கரையில் கிடக்க வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது. ஒருவன் வேலையில் கைவைத்துவிட்டால் மற்றவர்கள் கரையை விட்டு ஏறிப் போய்விடுவார்கள். நின்றால் அவர்களும் சேர்ந்து செய்ததாக ஆகும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அலையில் மூழ்கிய இன்ஜினை ஜஸ்டஸ் கழற்றினார். திங்கட்கிழமைவரை வைத்தால் உப்பு தின்றுவிடும் என்றார். கரையில் சீட்டாடிக்கொண்டிருந்த நாற்பது பேர் சீட்டை மடித்துக்கொண்டு ஏறினார்கள். ஸ்பேனரோடு அவர் மட்டும் நின்றார். வள்ளம் மூன்று நாள் கிடந்தது.

சனிக்கிழமை மாலை லீமா ஊர்க் கமிட்டி அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் ஹிலாரி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சித்தப்பா மகன். அவளுக்கு மாமா முறை.

“என்ன மக்கா, கரை வேணும்னு கேட்டியாமே?”

“ஆமா மாமா. நாளைக்கு ஒரு பகல். காலேஜ் வண்டி ஒண்ணு ஓட்டிப் பாக்கணும்.”

“என்ன வண்டி?”

“செவ்வாய்ல ஓட்டுத வண்டி.”

“செவ்வாய்க்கிழம ஓட்டுத வண்டிய ஞாயித்துக்கிழம எதுக்கு ஓட்டுதீங்க?”

“கிரகம் மாமா.”

“தெரியும்ட்டி. பத்து வருசம் துபாயில கெடந்தவன் நான்.” செல்போனைக் கவிழ்த்து வைத்தார். “ஒண்ணு கேக்கேன். இது வேலையா, வெளயாட்டா?”

“வேலைன்னா?” என்றாள்.

“வேலைன்னா ஒங்க அப்பனுக்க வள்ளம் மூணு நாள் கெடக்கும். ஒனக்குன்னு வள்ளம் இல்லியே.”

பிப்ரவரி மாதம். பத்து நாளாக நெத்தோலி நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

“வெளயாட்டுதான் மாமா,” என்றாள். “போட்டின்னுதானே பேரு.”

“ஃபுட்பால் மாதிரியா?”

“அது மாதிரிதான்.”

“அப்போ தடையில்ல. ஆனா ஒரு காரியம். வெளயாட்டுன்னா ஊர்ப் பிள்ளைகளும் வெளயாடும். கரையில ஒருத்தன் பந்து கொண்டுவந்தா எல்லாரும் ஒதைக்கணும். அதாக்கும் மொற.”

“இது லேசான சாமான் இல்ல மாமா. எங்கயாவது இடிச்சுப் பொட்டிப் போச்சுன்னா…”

“பொட்டிப் போவும்னு பேடிச்சா அது வெளயாட்டு இல்ல.”

அவள் தலையாட்டினாள். ஹிலாரி செல்போனை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டாம் பூசை முடிந்து டெம்போ வந்தது. தேவகுமார், சிதறால்காரி பிந்து, கேமரா பிடிக்க ஜெபிஷ், இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் கல்லூரியில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். தேவகுமார் சி.எஸ்.ஐ. சபை. ஆராதனைக்குப் போகாமல் வந்ததில் அவன் அம்மா அவனோடு பேசவில்லை. “கத்தோலிக்கக் கடக்கரையில ஞாயித்துக்கிழமைய செலவாக்கப் போறியான்னு கேட்டா. அதுக்கப்புறம் பேச்சில்ல,” என்றான். பிந்து, “எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லப்பா. எங்க சாமிக்கு ஏழு நாளும் ஒண்ணுதான்,” என்றாள். அவளுக்கு மின்சாரம், பாட்டரி, கம்பிகள் பொறுப்பு.

வண்டியை இறக்குமுன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஐம்பத்து மூன்று பேர். பூசைக்குப் போட்ட உடுப்பிலேயே நின்றார்கள்.

“இது என்ன கூட்டம்?” என்றான் தேவகுமார்.

லீமா சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான். “அம்பத்து மூணு பேரும் ஓட்டுவாங்களா?”

“ஆளுக்கு ரெண்டு நிமிசம்.”

“லீமா, இது மூணு வருசச் சாமான்.”

“எனக்குத் தெரியாதா? வேற வழியில்ல. சீக்கிரம் குடுத்து முடிச்சிருவோம்.”

வரிசை போட்டார்கள். பிள்ளைகளுக்குத் திரையைப் பார்க்கப் பொறுமை இல்லை. வண்டியையே பார்த்து ஓட்டினார்கள். எல்லோரும் வேகமாக ஓட்டினார்கள். “பைய ஓட்டுல! பைய!” என்று லீமா பின்னாலேயே ஓடினாள். தேவகுமார் இரண்டு கையாலும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு டெம்போவில் உட்கார்ந்தான். பத்தாவதோ பதினொன்றாவதோ ஒரு பிள்ளை வண்டியைத் தண்ணீர் விளிம்புக்கு விட்டது. அங்கே அலை அரித்து ஒதுக்கிய கருமணல் பட்டையாகக் கிடந்தது. ஈரக் கருமணலில் ஆறு சக்கரத்தின் தடம் அச்சடித்ததுபோல் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அதிலேயே ஓட்டினார்கள். ஒருவன் தன் பெயரை எழுதப் பார்த்தான்.

இருபத்தாறாவது பிள்ளையின் கையில் வண்டி கரகரவென்று சத்தம் போட்டது. வலது நடுச் சக்கரம் நின்றது. கொஞ்சம் தள்ளி இடது பின் சக்கரமும் நின்றது. “கரண்ட் ஏறுது, நிறுத்து!” என்று பிந்து கத்தினாள். ரிமோட் வைத்திருந்த பிள்ளை அதை மணலில் போட்டுவிட்டு ஓடிவிட்டது.

வண்டியைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். சக்கரத்தின் மூடி கையால் திருகிக் கழற்றக்கூடியது. லீமா திருகினாள். உள்ளே மோட்டாரின் காந்த வளையம் தெரியவில்லை. தாடி முளைத்ததுபோல் சுற்றிலும் கருமணல் ஒட்டிக் குத்திட்டு நின்றது. எட்டு ஓட்டை வழியாகவும் உள்ளே போயிருந்தது.

அந்தக் கரையில் அது தெரியாத பிள்ளை கிடையாது. பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, நூல் கட்டி, கருமணலில் இழுத்துக்கொண்டு போவார்கள். லீமாவும் இழுத்திருக்கிறாள். யாருடைய காந்தத்தில் தாடி நீளம் என்று பந்தயம் வைப்பார்கள்.

“நீ இந்தக் கரையிலதான பொறந்த?” என்றான் தேவகுமார்.

“ஆமா.”

“கருமணல் காந்தத்துல ஒட்டும்னு தெரியாதா?”

“தெரியும்.”

“மோட்டாருக்குள்ள காந்தம் இருக்குன்னு?”

“அதுவும் தெரியும்.”

“பின்ன?”

“ரெண்டையும் சேத்து நெனச்சுப் பாக்கல்ல.”

ஆறு மோட்டாரையும் கழற்றித் துடைக்க வேண்டும். அதற்கு ஸ்பேனர் வேண்டும். மணி ஒன்றரை. நாலரைக்குள் ஓட்டத்தைத் தொடங்கினால்தான் வெளிச்சம் போதும்.

சாப்பிட்டுவிட்டுக் கரைக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். கித்தேரியானும் ஜஸ்டஸும் தங்கள் வள்ளத்தின் நிழலில் நின்றார்கள். ஹிலாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். லீமா ஸ்பேனர் பெட்டியைத் திறந்திருந்தாள். எதையும் எடுக்கவில்லை.

“என்னாச்சு மக்கா?”

“மணல் கேறிப் போச்சு மாமா. கழத்தணும்.”

ஹிலாரி பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “வெளயாட்டுச் சாமான் கேடாச்சு, சரியாக்குதீங்க. அம்மட்டும்தானே? நான் ஒண்ணும் பாக்கல்ல. சரியாக்கிட்டு மிச்சப் பிள்ளைகளுக்கும் குடு. பாதிப் பேரு இன்னும் மொற வரல்லன்னு நின்னு அழுது கரையுதுவ.”

இருபத்தேழு பிள்ளைகள் இன்னும் வரிசையில் நின்றார்கள். முடித்துவிட்டவர்கள் மறுபடி கடைசியில் போய் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். விளையாட்டு என்றால் கரை எல்லோருக்கும். அவர்களை விலகச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. வண்டி சரியானாலும் மறுபடி கருமணலுக்குத்தான் போகும். இருபது நிமிடம் ஆளில்லாத கரை இன்றைக்குக் கிடைக்காது. நாளை திங்கட்கிழமை, கடைசித் தேதி.

“மாமா, இது வெளயாட்டு இல்ல,” என்றாள். “வேலையாக்கும்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“நேத்து சொன்னது பொய். மூணு வருசமா இது வேலைதான்.”

ஜஸ்டஸ் வள்ளத்தின் நிழலிலிருந்து வெளியே வந்தார்.

“ஏட்டி, ஒனக்கு வாயில வேற சொல்லே வரல்லியா? வெளயாட்டுன்னு சொல்லிட்டுப் போனா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நெத்தோலி இப்படி ஓடும்போ யாருக்க வள்ளம் மூணு நாள் கெடக்கும்? ஒனக்க வண்டியா கெடக்கும்?” கித்தேரியான் பக்கம் திரும்பினார். “நீ என்ன ஓய், கேட்டுட்டு நிக்கே?”

கித்தேரியான் மகளைப் பார்க்கவில்லை. “அவ சொல்லியாச்சு,” என்றார். பிறகு, “வா, ஏறுவோம்,” என்று ஜஸ்டஸின் தோளைத் தொட்டார். கரையை விட்டு முதலில் ஏறியவர் அவர்தான். அது கோபமா, வழக்கப்படி செய்ததா என்று லீமாவுக்குத் தெரியவில்லை. பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். மேலே வீடுகளிலிருந்து பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் கரையில் இரண்டு நாய்கள்தான் இருந்தன.

“ஒங்க ஊருக்குப் போலீஸே வேண்டாம் போல,” என்றாள் பிந்து.

லீமா ஸ்பேனரை எடுத்தாள்.

ஆறு மோட்டாரையும் கழற்றி டெம்போவின் தரையில் வரிசையாக வைத்தார்கள். பிரஷ் போட்டால் மணல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போனது. செல்லோடேப் மேலே உள்ளதை எடுத்தது, இடுக்கில் உள்ளதை எடுக்கவில்லை. லீமா அம்மாவைச் செல்போனில் கூப்பிட்டாள். கோதுமை மாவை உப்பில்லாமல் கெட்டியாகப் பிசைய வேண்டும் என்றாள். பிசைந்து வைத்தால் போதும், தான் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

செலினே கொண்டுவந்தாள். சருவப் பாத்திரத்தில் ஒரு தேங்காய் அளவு மாவு.

“எம்மா, நீ ஏன் வந்தே? ஒனக்க பேரையும் எழுதுவாவ.”

“எழுதட்டு. முப்பது வருசமா எல்லா ஞாயித்துக்கிழமையும் மாவு பிசையேன். இதுவர ஒருத்தனும் அத வேலைன்னு எழுதல்ல. இன்னைக்காவது எழுதட்டு, பாப்போம்.” சருவத்தை வைத்துவிட்டு மோட்டார்களைப் பார்த்தாள். “இதுக்காட்டி நக இடுக்குல கரி?”

“இதுக்குத்தான்.”

செலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவை உருட்டிக் கொடுத்தாள். அவர்கள் அதைக் காந்தத்தில் அழுத்தி அழுத்தி எடுத்தார்கள். வெள்ளை உருண்டைகள் கறுத்து வந்தன. கறுத்ததைப் போட்டுவிட்டுப் புதிது எடுத்தார்கள். நாலு மணிக்கு ஆறாவது மோட்டார் விரலால் சுற்றினால் சுற்றியது.

மூடியின் ஓட்டைகளை இன்சுலேஷன் டேப்பால் அடைத்தார்கள். பிந்துவுக்கு அதில் பயம். “காத்துப் போகலன்னா மோட்டார் சூடாகும். வேகமா ஓட்டினா பத்து நிமிசம் தாங்காது.”

“நான் எப்போ வேகமா ஓட்டினேன்?” என்றாள் லீமா.

அவள் டெம்போவுக்குள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். திரையில் கரை தெரிந்தது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த கரை. இருபது வருடத்தில் ஒருமுறைகூட அதை ஆளில்லாமல் பார்த்ததில்லை. வள்ளங்கள் வரிசையாக, நிழல் நீண்டு, ஒரு மனிதனும் இல்லாமல். கேமரா தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்ததால் சின்ன மணல் மேடும் குன்று மாதிரி வந்தது. ஜெபிஷ் “எடுக்கேன்” என்றான்.

மேட்டில் ஏறும்போது ஒருமுறை சக்கரம் சறுக்கியது. அவள் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மணல் அமர்ந்த பிறகு மறுபடி கொடுத்தாள். ஏறியது. கவிழ்த்துவைத்த ஒரு பெயின்ட் டப்பாவை வண்டியின் கை எடுத்தது. எட்டு மீட்டர் கொண்டுபோய் வைத்தது. கருமணல் பட்டை திரையில் வந்தபோது ஒதுங்கிப் போனாள். ஒரு நாய் நடுவில் வந்து கம்பத்தை மோந்து பார்த்தது. நாய் போயிற்று. மோட்டார் சூடு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று பிந்து மெதுவாகப் படித்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டாவது நிமிடம் வண்டி புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது.

“நாய் ஆள் இல்ல,” என்றான் தேவகுமார். அன்று அவன் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் கமிட்டி அலுவலகத்தின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். ஹிலாரி நோட்டைக் கொண்டுவந்தார். தேதி, வள்ளத்தின் பெயர், உடையவர், செய்த வேலை என்று நான்கு கட்டம். தேதி எழுதினார். வள்ளத்தின் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனார். ஜஸ்டஸ் குறுக்கே கைநீட்டினார்.

“இரு ஓய். எங்க வள்ளம் என்ன செய்தது?”

“என்ன செய்தது?”

“அதத்தான் கேக்கேன். நாலு வருசத்துக்கு முன்ன எனக்க வள்ளம் கெடந்தப்போ நீ என்ன சொன்னே? எது வேலை செய்ததோ அது கெடக்கணும்னு சொன்னே. இன்னைக்கு எங்க வள்ளம் அசைஞ்சுதா? ஒரு பலக ஆடிச்சா? ஆடுனது அது.” டெம்போவில் ஏற்றி வைத்திருந்த வண்டியைக் காட்டினார். “அது கெடக்கட்டு.”

“அது வள்ளம் இல்லியே.”

“ஓட்டுதுக்கு ஆளு இருக்கு, இன்ஜின் இருக்கு, கரையில ஓடிச்சு. வேற என்ன வேணும்? தண்ணியில எறங்கணுமா?”

யாரோ சிரித்தார்கள். ஹிலாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடித் திறந்தார். கமிட்டியில் இருந்த மற்ற நான்கு பேரைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள்.

“ஞாயம்தான்,” என்றார். “எறக்குங்க.”

தேவகுமாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது குரல் உயர்ந்தது. “மூணு நாளா? கடல் காத்துலயா? மாமா, இதுல இருக்குத கனெக்டர் எல்லாம் பச்சையாப் போயிரும். ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடிக்கிறோம்.”

“மூடுதது வேலை,” என்றார் ஹிலாரி.

தேவகுமார் லீமாவிடம் திரும்பினான். “நீ வெளயாட்டுன்னே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா வீடியோ இல்ல.”

“வண்டியே இல்லாம வீடியோவ வச்சு என்ன செய்ய?”

ஹிலாரி உடையவர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். “யாருக்க பேரு? காலேஜா?”

“எனக்க பேரு எழுதுங்க,” என்றாள் லீமா.

அவர் எழுதினார். வேலை என்ற கட்டத்தில் ‘வண்டி’ என்று எழுதினார். அந்த நோட்டில் இதற்குமுன் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று முந்தைய பக்கங்களைப் பார்க்க அவள் நினைத்தாள். அதற்குள் அவர் மூடிவிட்டார். செலினின் மாவை யாரும் எழுதவில்லை.

ரோவர் மூன்று நாள் இரண்டு வள்ளங்களுக்கு நடுவே கிடந்தது. பாட்டரியைக் கழற்றக்கூட விடவில்லை. திங்கட்கிழமை பிந்து வீடியோவை அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை லீமாவுக்கு ஒரு தேர்வு இருந்தது. போகவில்லை. கொஞ்சம் தள்ளி, வண்டி தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்து செய்வதற்கும் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வண்டிப் பக்கம் வரவில்லை. கிடக்கிற வள்ளத்தைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் காலை கித்தேரியான் கடலிலிருந்து வந்து வலையை இறக்கினார். போகும் வழியில் வண்டியின் பக்கத்தில் நின்றார்.

“துரு பிடிக்கும்,” என்றார்.

“பிடிக்கத் தொடங்கியாச்சுப்பா. அந்த நடுச் சக்கரத்துல பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். “இன்ஜின் கெடந்தப்பவும் இப்படித்தான். பாத்துட்டுத்தான் இருக்கணும்.” நெத்தோலி எப்படி என்று அவள் கேட்டாள். பரவாயில்லை என்றார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னார்.

வியாழக்கிழமை டெம்போ வந்தது. தேவகுமார் அவளிடம் பேசாமல் வண்டியைச் சுற்றி வந்தான். இரண்டு பேரிங் இறுகிவிட்டிருந்தன. கேமராக் கம்பத்தின் வயர் முனை பச்சை பூத்திருந்தது. ஒன்பது கனெக்டரை மாற்ற வேண்டும். அதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதினான். எழுதி முடித்துவிட்டு, “பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர எடு,” என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் கடைசியில் போட்டிக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. நாற்பது குழுக்கள். அவர்கள் பெயர் முப்பத்து நான்காவதாக இருந்தது. பழுது பார்க்க ஒரு மாதம் ஆகியிருந்தது. தேர்வில் லீமா ஒரு பாடத்தை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

புது மூடிகளை அவள் ஓட்டை இல்லாமல் செய்தாள். சூடு வெளியேற அலுமினியத்தில் வரிவரியாகத் தகடு வைத்தாள். கருமணலிலேயே ஓட்டிப் பார்த்தால்தான் அது தாங்குமா என்று தெரியும். மறுபடி ஹிலாரியிடம் போனாள்.

“வேலையா?” என்று அவரே கேட்டார்.

“வேலைதான் மாமா.”

“அப்போ ஞாயித்துக்கிழம எதுக்கு? வேலைக்காரன் வாற நாள்ல வா. புதன்கிழமை வடக்குப் பக்கம் ரெண்டு வலை எடுத்திருவாவ. ஒரு வள்ளத்துக்கு விடுத எடம் விடச் சொல்லுதேன். போதுமா?”

“ரெண்டு வள்ளத்துக்கு விடுத எடம் இருந்தா நல்லது.”

“ஒண்ணுக்குத்தான் மொற.”

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்கள் வண்டியை இறக்கினார்கள். ஒரு பக்கம் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் ஜஸ்டஸ் இன்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நடுவில் எட்டடி அகலத்தில், தண்ணீர்வரைக்கும், கயிறு போட்டு இடம் விட்டிருந்தார்கள். லீமா வண்டியைக் கருமணலுக்குக் கொண்டுபோனாள். முக்கால் மணி நேரம் ஓட்டினாள். வேடிக்கை பார்க்க யாரும் நிற்கவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது.